நல்லதம்பியரின் லேட் கட்

போன சனிக்கிழமை தோட்டத்தில் உட்காரும் மர வாங்குக்குப் பூச ஆளிவிதை எண்ணெய் வாங்கப் போனேன். கடையிலேயே மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். எதையும் மணந்து பார்க்காமல் நான் வாங்குவதில்லை. அந்த மணம் என்னை நேரே எண்பதுகளின் ஜெர்மனிக்கு, வுப்பர்டால் நகரத்துக்கு, குணம் அண்ணையின் கட்டிலடிக்குக் கொண்டுபோய்விட்டது.

அகதிகள் விடுதியில் ஒரு அறைக்கு நாலு பேர். குணம் அண்ணை ஒரு பலகையை வெட்டிக் கிரிக்கெட் மட்டை செய்து, இந்த எண்ணெயைத்தான் அதற்குப் பூசுவார். பூசும்போது தகப்பனின் கதை வரும். நல்லதம்பியர், இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் கொழும்பில் சுங்க இலாகா கிளாக்கர். மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டிய பட்டுச் சட்டையோடு ஆட இறங்குவாராம். பந்து கடந்துபோய்விட்டது என்று எல்லாரும் நினைக்கும் நேரத்தில், மெல்லத் தட்டிப் பின்னுக்கு அனுப்புவாராம். அதுதான் லேட் கட். சிக்ஸர் அடிப்பதை மரியாதைக் குறைவு என்று நினைத்தவராம். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போன வெள்ளைக்கார அணி கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடியபோது, அறுபத்திரண்டு ஓட்டம் எடுத்தாராம்.

எனக்கு அப்போதே சந்தேகம். பட்டுச் சட்டையோடு கொழும்பு வெயிலில் நின்று ஆடவா? என் அகதி விசாரணையில் ஒரு அதிகாரி ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டு என்னை வியர்க்க வைத்திருந்தார். அந்த வித்தையை நான் குணம் அண்ணையிடம் காட்டினேன். இரண்டு கிழமை கழித்து, அன்றைக்கு அப்பா எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

"எழுபத்தெட்டு," என்றார்.

"போனமுறை அறுபத்திரண்டு எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அப்பிடியே சொன்னனான்?" என்று எண்ணெய்த் துணியைப் பிழிந்தார்.

பிறகு கொலோனில் ஒரு கலியாண வீட்டில், மகளிடம் வந்திருந்த வயோதிபர் ஒருவரைச் சந்தித்தேன். இளமையில் கொழும்பில் இருந்தவர். விடுவேனா?

"நல்லதம்பியோ! அவரின்ரை லேட் கட்டைப் பாக்க நாங்கள் கந்தோர் வேலைக்கு மட்டம் போட்டனாங்கள் தம்பி. பட்டுச் சட்டைதான் போடுவார்."

"வெள்ளைக்காரரோடை எத்தினை அடிச்சவர்?"

"அண்டைக்கு முதல் பந்திலையே அவுட். அதுக்குப் பிறகு பெரிய ஆட்டம் ஒண்டுக்கும் கூப்பிடேல்லை. பிறகு ரெண்டாம் உலகச் சண்டை துவங்கி மைதானத்திலை ஆமி லொறியள் நிண்டுது. அவரும் மட்டையை விட்டிட்டார்."

வழக்கில் வென்றவன் போல ரயிலேறினேன். பட்டுச் சட்டை உண்மை, லேட் கட் உண்மை என்பதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. அறையில் மற்ற இருவரும் இருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"சைபராம் அண்ணை!"

குணம் அண்ணை நிமிரவில்லை. "ஓம், சைபர்தான். அப்பாவே சொன்னவர்."

"பிறகேன் பொய் சொன்னனீங்கள்?"

"என்ரை அகதி விண்ணப்பத்திலை, அந்த அன்ட்ராக்கிலை, ஒரு சொல்லும் கூட்டாமல் உண்மையைத்தான் எழுதினனான். அவங்கள் நம்பேல்லை. இதிலை கொஞ்சம் கூட்டிப் பாத்தன். நீயும் நம்பேல்லை."

எனக்கு அவரின் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது. அதற்குப் பிறகு அவர் தகப்பனைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, வயது அப்படி. அன்ட்ராக் முடிவாகவே மறுக்கப்பட, கனடாவில் இருந்த தமையனிடம் போய்ச் சேர்ந்தார். மூன்று கடிதம் வந்தது, பிறகு நின்றது.

அவர் காலமான செய்தி தெரிந்து, போன வருடம் அவருடைய மகளோடு தொலைபேசியில் பேசினேன். பேச்சுவாக்கில் நல்லதம்பியரின் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"எங்கடை அப்பப்பா கிரிக்கெட் விளையாடினவரோ?" என்று கேட்டாள் பிள்ளை. "அப்பா ஒருநாளும் சொல்லேல்லையே அங்கிள்."

விடுதியை இடித்து மாடிக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். அந்த ஆட்டத்தைக் கண்ணால் கண்ட கொழும்பு மனிதரும் இல்லை, அதைக் கேட்டு வளர்ந்த மகனும் இல்லை. மிச்சம் இருப்பது, நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்த நான் ஒருவன்தான்.