ஒரு தறி, இரண்டு எண்கள்

ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதச் சேர்ந்தேன். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. 'கிரியேட் டேபிள்' என்று அடித்து நெசவாளர்களுக்கு ஓர் அட்டவணை, சேலைகளுக்கு ஒன்று. ஒவ்வொரு சேலையும் ஒரு நெசவாளரின் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இங்கே தறியை வீட்டு ஆம்பளை பெயரால்தான் சொல்வோம். அப்படியே ஏற்றினேன்.

சந்தவாசல் பக்கத்து நெசவாளர் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் விசாரித்துவிட்டு வந்த முதலாளி, "அவரு பேரை எடுத்துடும்மா" என்றார். 'டெலீட்' கொடுத்தேன். கணினி மறுத்துவிட்டது. அந்த எண்ணில் சேலைகள் இருக்கும்வரை ஆளை அழிக்க விடாதாம். மனிதர்களைவிட இதற்கு நன்றி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து இறந்தவரின் மனைவி ஒரு சேலையோடு வந்தார். தறியில் பாதியில் நின்றதை நெய்து முடித்திருந்தார். முதலாளி முந்தானையை விரித்துத் தடவிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதே பெரிய முந்தானை டிசைனுக்கு தறியில் ஏற்ற அடுத்த பாவு நூல் கேட்டார் அந்த அக்கா.

"அது பழைய ஆளுங்களுக்குத்தாம்மா. புதுசா சேர்றவங்களுக்கு முதல்ல ப்ளெய்ன் சேலைதான். வழக்கம் தெரியும்ல?"

"நான் புதுசாங்க? காலைல அவரு நெய்வாரு, சோறாக்கிட்டு நான் உக்காருவேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து நெய்துகினுதாங்க இருக்கேன்."

"கம்ப்யூட்டர்ல உன் பேர்ல ஒரு சேலைகூட இல்லியேம்மா."

ப்ளெய்ன் சேலைக் கூலியில் அந்த அக்கா வீடு ஓடாது. எனக்குக் கோபம் வந்தது, முதலாளி மேல் பாதி, என் அட்டவணை மேல் பாதி. என் முகத்தைப் பார்த்தவர் இறங்கி வந்தார். "சரி, அவரு பேரை மாத்தி இவங்க பேரைப் போட்டுடு. பேஜார் வேணாம்." 'அப்டேட்' ஒரு வரி வேலைதான். ஆனால் அதை அடித்தால் இறந்தவர் ஒரு சேலைகூட நெய்யாதவராகிவிடுவார். கொஞ்சம் இருங்க என்றேன்.

புதிதாக இன்னோர் அட்டவணை போட்டேன். சேலை எண், நெய்தவர் எண், அவ்வளவுதான். ஒரே சேலைக்கு இரண்டு வரிகள் வரலாம். 'இன்செர்ட்' செய்து அக்காவுக்கு ஓர் எண் கொடுத்தேன். அந்தத் தறியில் இறங்கிய சேலை ஒவ்வொன்றுக்கும் புருஷன் பெண்டாட்டி இருவர் எண்ணையும் ஏற்றினேன். 'செலக்ட்' என்று அக்காவின் எண்ணைக் கேட்டதும் திரை நிறையச் சேலைகள் வந்தன. முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். உள்ளே போய்ப் பாவு நூலை எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா திரையின் கடைசி வரியில் விரல் வைத்தார். "இது நான் இப்ப கொண்டாந்ததுங்களா?"

"ஆமாங்க்கா. ரெண்டு பேர் நம்பரும் இருக்குது."

தலையாட்டினார். பாவு நூலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த சேலைக்கு என் நம்பர் மட்டும் போட்டுக்குங்க" என்றார்.