புத்தலப்பட்டில் பெயர் ஒட்டாத டிரம்கள்

காலை 5.50. திருப்பதி ரயில் நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவர்கள், மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் ஒரே செல்போனைச் சுற்றி நின்ற ஐந்து பேர். போனில் தெலுங்குச் செய்தி ஓடியது: வளைகுடாப் பக்கம் கப்பல்கள் தேங்கி நிற்கின்றனவாம். அவர்களில் ஒருவருக்கு மறுநாள் குவைத்துக்கு விமானம். "கப்பல் கெடக்கட்டும், பிளைட்டு உண்டா இல்லியா, அதைப் பார்றா" என்று போன் வைத்திருந்தவரை அதட்டிக்கொண்டிருந்தார்.

நான் வந்ததும் வெளிநாட்டு விவகாரமாகத்தான். யார் பக்கமும் முழுதாகச் சாயாத இந்தியாவின் கொள்கையைப் பற்றிச் சென்னைக் கருத்தரங்குகளில் வேண்டிய அளவு கேட்டாகிவிட்டது. அயல்நாட்டுக்குப் பொருள் விற்பவர் ஒருவரின் வாசலில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். சித்தூர் மாவட்டத்தில் அதற்கு மாம்பழம்தான் வழி. இங்கே அரைக்கும் கூழ் வளைகுடா, ஐரோப்பா, ரஷ்யா என்று பல திசைகளுக்குப் போகிறது.

சித்தூர் பேருந்தில் புத்தலப்பட்டுக்குத் தொண்ணூறு ரூபாய். சந்திரகிரி தாண்டி, பாகாலா விலக்கில் பாதிக் கூட்டம் இறங்கியது. அதன்பிறகு சாலையின் இரு பக்கமும் மாந்தோப்புதான். ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் பேருந்து ஊர ஆரம்பித்தது. இடது ஓரம் முழுக்க டிராக்டர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் கிளிமூக்கு மாம்பழம் ஏற்றிய டிரெய்லர். இறங்கி நடந்தேன்.

எல்லா வண்டிகளும் ஒரே தொழிற்சாலைக்குக் காத்திருந்தன. கூழ் தொழிற்சாலையை இங்கே 'ஜூஸ் பேக்டரி' என்கிறார்கள். வரிசையின் நடுவில் முனிரத்தினம், அவர் மனைவி செல்வி. எல்லையோரத் தமிழ்க் குடும்பம். முனிரத்தினத்தின் அப்பா பிறர் தோப்பில் கூலிக்குப் பழம் பறித்தவர். இவருக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர் இருக்கிறது. வண்டியில் மூன்று டன். முந்தின நாள் மாலையிலிருந்து நிற்கிறார்கள்.

"உள்ள டிரம்மு ரொம்பிக் கீது சார். புதுசா ஆர்டர் வந்தாத்தான் மிசினு ஓடும்னு சொல்லிக்கினு கீறாங்க" என்றார் முனிரத்தினம். ஒரு பழத்தை எடுத்து அழுத்திக் காட்டினார். விரல் பதிந்தது. "இன்னிக்கு உள்ள போவலைன்னா நாளைக்கு இது பழம் இல்ல."

மண்டி மூலமாகப் போயிருக்கலாமே என்று கேட்டேன். இந்தப் பக்கத்து வழக்கம் இது: பூ விடும் காலத்திலேயே மண்டிக்காரர் முன்பணம் கொடுத்துவிடுவார். வாங்கியவர் அந்த மண்டியைத் தவிர வேறெங்கும் விற்கக் கூடாது. பதிலுக்கு மண்டி வண்டிகளுக்கு வரிசையில் முன்னிடம் கிடைக்கும்.

"ரெண்டு வருசமா வாங்கறதில்ல சார். பணம் வாங்கினா அவன் சொன்னதுதான் விலை. இப்போ நாலு எடத்துல கேட்டுட்டுப் போடறேன்."

செல்வி டிரெய்லர் மேலிருந்து, பழுத்ததைத் தனியாக ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "ஆமா, பெரிய சுதந்திரம். மூணு டன்னு சுதந்திரம், இங்க குந்திக்கினு அழுவுது."

பக்கத்து வண்டிக்காரர் சிரித்தார். முனிரத்தினமும் சிரித்துவிட்டார்.

தொழிற்சாலை உரிமையாளரை முன்பே போனில் கேட்டிருந்தேன். பெயர் வேண்டாம் என்பது அவர் நிபந்தனை. சுஜாதா என்று வைத்துக்கொள்கிறேன். (மற்ற இரண்டு பெயர்களும் நான் வைத்தவையே.) தாய்மொழி தெலுங்கு. விவசாயிகளிடம் தமிழும் சரளமாகப் பேசுகிறார். முற்றத்தில் நீல டிரம்கள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தன. ஒன்றின் மீதும் லேபிள் இல்லை.

"விக்கிற வரைக்கும் ஒட்ட மாட்டோம்" என்றார். "ஐரோப்பாக்காரங்க பூச்சி மருந்து இருக்கான்னு டெஸ்ட் கேப்பாங்க, வளைகுடாக்காரங்க ஹலால் சர்டிபிகேட் கேப்பாங்க. எல்லாருக்கும் ஒத்து வர்ற மாதிரி அரைச்சு வச்சிடறது. ஒருத்தர் வரலைன்னா இன்னொருத்தருக்குப் போகும்."

அறையில் மும்பை ஏஜெண்ட் ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஓர் ஐரோப்பிய நிறுவனத்துக்காக வந்தவர். நான் எழ முயன்றபோது, "உக்காருங்க, ரகசியம் ஒண்ணும் இல்ல" என்றார் சுஜாதா. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. இருக்கும் டிரம், இனி அரைப்பது, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளத் தயார் என்றார் ஏஜெண்ட். ஒரே ஒரு நிபந்தனை: இந்தத் தொழிற்சாலையிலிருந்து ரஷ்யாவுக்கு ஒன்றும் போகக் கூடாது. சட்டப்படி தடை இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். நிறுவனத்தின் விருப்பம் அது.

சுஜாதா யோசித்தார். ஜன்னலுக்கு வெளியே டிராக்டர் வரிசை தெரிந்தது.

"உங்களுக்கு முதல் உரிமை தரேன், என்ன டெஸ்ட் வேணுமோ செய்யுங்க. ஆனா மத்தவங்க யாருக்கு விக்கணும்னு நீங்க சொல்ல வேண்டாம். அடுத்த வருஷம் நீங்க வரலைன்னா எனக்கு யார் இருக்காங்க?"

ரஷ்யாவிடம் எண்ணெய், பிரான்ஸிடம் விமானம், அமெரிக்காவோடு கடற்பயிற்சி என்று டெல்லி நடத்துவதன் நியாயத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. ஏஜெண்ட் கோபப்படவில்லை. மேலிடத்தில் பேசிச் சொல்கிறேன் என்று காரில் ஏறிச் சித்தூர் பக்கம் போனார்.

சேதி எனக்கு முன்னால் வரிசைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலுக்கு வந்த சுஜாதாவைச் சிலர் சூழ்ந்துகொண்டார்கள்.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க வண்டி உள்ள போயிருக்கும் இல்ல மேடம்?" என்றார் செல்வி.

"இந்த வருஷம் போயிருக்கும்மா. அடுத்த வருஷம் அவங்க வச்சதுதான் விலை. எனக்கு அதுன்னா உனக்கும் அதுதானே."

"அடுத்த வருசம் மரத்துல கீது. இந்த வருசம் வண்டியில கீது."

முனிரத்தினம் மெதுவாகச் சொன்னார்: "வுடு செல்வி. மண்டிக்காரன்கிட்ட நாம சொன்னதைத்தான் அவங்களும் சொல்லிக்கினு கீறாங்க."

"நாம சொன்னோம், நாம நிக்கிறோம். அவங்க சொன்னதுக்கும் நாமதான் நிக்கிறோம்."

செல்வி சொன்னது சரி. யாருக்கும் கட்டுப்படாமல் நிற்பதில் எனக்கு இன்னமும் உடன்பாடுதான். ஆனால் அதற்கான காத்திருப்பு எல்லார் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. டிரம்மில் கூழை அடைத்து வைத்திருப்பவர் தாங்கும் நேரத்தை டிரெய்லரில் பழம் வைத்திருப்பவர் தாங்க முடியாது.

வெயில் ஏறியது. செல்வி தார்ப்பாயை ஈரமாக்கிப் போட்டார். எனக்கும் தட்டில் தக்காளிச் சோறு வந்தது. "துன்னு சார், பேப்பர்ல எழுதறவங்களுக்கும் பசிக்கும் இல்ல?"

மாலை நாலரைக்கு ஏஜெண்டின் போன் வந்தது. நிபந்தனை இல்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் பாதி அளவுதான். சற்று நேரத்தில் கொதிகலன் புகை விட்டது. வரிசை நகர்ந்தது.

முனிரத்தினத்தின் வண்டி உள்ளே போகும்போது விளக்கு போட்டுவிட்டார்கள். தரம் பார்ப்பவர் இரண்டு டன்னுக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டார். மீதி அளவுக்கு மீறிக் கனிந்துவிட்டது. அதைச் சித்தூர் சாலையோரப் பள்ளத்தில் முனிரத்தினமும் செல்வியும் கூடை கூடையாகக் கொட்டினார்கள்.