படாக் வாசக்கால்

தாண்டவராயனுக்குப் பொய் வராது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. சாப்பிட்டுவிட்டேன் என்பார், சாப்பிட்டிருக்க மாட்டார். நாளைக்குக் கட்டில் ரெடி என்பார், அடுத்த வாரம்தான் கால் பூட்டுவார். ஆனால் மரத்தைப் பற்றி மட்டும் அவர் வாயில் பொய் வராது. அதனால் செஞ்சியில் அவருக்கு மரியாதையும் உண்டு, பகையும் உண்டு. பகை கொஞ்சம் கூடுதல்.

என் கதையையே சொல்கிறேன். எனக்குக் கடைவீதியில் பாத்திரக் கடை. வீட்டுக்கு அலமாரி செய்ய என் மைத்துனர் எங்கேயோ பேசி பர்மா தேக்கு என்று பலகை வாங்கிக் கொடுத்தார். இருவரும் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு தாண்டவராயனின் பட்டறைக்குப் போனோம். அவர் ஒரு பலகையில் நாலு தடவை இழைப்புளியை ஓட்டினார், சீவலை முகர்ந்தார், விரலால் தடவினார்.

"இது பர்மா இல்ல மொதலாளி. கானா. தோட்டத்துல வச்சி வளத்தது. ரேகை பாருங்க, எவ்ளோ அகலம் அகலமா போவுது. பர்மான்னா கையில எண்ணெ மாதிரி ஒட்டும்."

மைத்துனர் முகத்தில் ஈயாடவில்லை. நான் தாண்டவராயனுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"மரம் நல்ல மரம்தான். அலமாரி உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும். பேருதான் தப்பு."

மைத்துனர் அடுத்த பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அலமாரி இன்றும் கதவு இறங்காமல் நிற்கிறது. இதில் எதை லாபக் கணக்கில் வைப்பது என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

தாண்டவராயன் பரம்பரைத் தச்சர் இல்லை. செஞ்சிக்கு அடுத்த வல்லத்துப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட குடும்பம். வயசுப் பையனாகப் புதுச்சேரிக்குப் போய் ஒரு நாற்காலிப் பட்டறையில் சேர்ந்தார், கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. திண்டிவனம் சாலையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பட்டறை. தலையைத் திருப்பினால் ராஜகிரிக் கோட்டை தெரியும். அவர் திருப்பி நான் பார்த்ததில்லை. சென்னை மர டிப்போவைத் தாண்டி எந்த ஊருக்கும் போகாதவர், ஆனால் பேச்சில் பாதி உலகம் வரும். "மலேசியா நாளைக்கு எறங்குது", "நைஜீரியா வளஞ்சிடுச்சு, திருப்பி அனுப்பணும்" என்று போனில் கத்துவார். கேட்கிற புது ஆள் அவரைக் கப்பல் ஏஜென்ட் என்று நினைத்துக்கொள்வார்.

ஒவ்வொரு மரத்துக்கும் அவரிடம் ஒரு குணச்சான்றிதழ் உண்டு. மலேசியாக் கோங்கு கனம், அவசரப்படுகிறவனுக்கு அது ஆகாது. ஓட்டை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். கானா சாது, சொன்ன பேச்சைக் கேட்கும். பர்மாவைப் பற்றிப் பேசும்போது குரலை இறக்கிக்கொள்வார், பெரிய இடத்துச் சம்பந்தம் மாதிரி. ஒருமுறை டிப்போவில் மூலையில் கிடந்த பர்ப்பிள் ஹார்ட் என்ற தென் அமெரிக்கத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தனக்கு உளியைத் தட்டும் கொட்டாப்புளி செய்துகொண்டார். அறுத்தபோது சாம்பலும் பழுப்புமாக இருந்தது. வெளிச்சம் படப்பட சில நாளில் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. பட்டறைக்கு வருகிறவர்கள் பெயிண்ட் என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

ஆனால் அவருக்குப் பெயர் வந்தது வாசக்காலால். அவர் கை வைத்து நிறுத்திய வாசக்கால் உள்ள வீடு விளங்கும் என்று செஞ்சியைச் சுற்றி ஒரு பேச்சு. ராசியான கை. யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது, அவரும் மறுத்ததில்லை. தலைவாசல் நிலையை நிறுத்தும் நாளில் அவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். அன்று ஒரு நாள் மட்டும் சட்டை பட்டனை மேல்வரை போட்டிருப்பார்.

மகள் ரஞ்சனியை வல்லத்தில் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை எழிலரசன் தங்கமான பையன். அவன் அம்மா மீனம்பாளும் நல்லவர்தான், ஆனால் சகுனம் பார்ப்பதில் பஞ்சாங்கம் அவரிடம் சந்தேகம் கேட்க வேண்டும். கல்யாணமாகி மூன்றாம் மாதம் மீனம்பாள் வழுக்கி விழுந்து கை பிசகியது. 'புது மருமக வந்த நேரம்' என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்ல, அவர் அதை வேண்டாம் என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டார். ரஞ்சனி இதைப் போனில் அம்மாவிடம் சொல்லி அழுதாள். அது காதுக்கு வந்த அன்று தாண்டவராயன் பட்டறையைப் பாதி நாளிலேயே பூட்டிவிட்டார்.

அந்த வீட்டார் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். தலைவாசல் நிலை என் சீர் என்றார் தாண்டவராயன். ஊருக்கெல்லாம் கோங்கு வைத்தவர், மகள் வீட்டுக்குப் படாக் எடுத்தார். ஆப்பிரிக்க மரம். வல்லத்துப் பக்கம் கரையான் அதிகம், படாக்கைக் கரையான் தொடாது. முறுக்காது, வெடிக்காது. இதெல்லாம் அவர் வெளியே சொன்ன காரணம். உண்மைக் காரணம் அதன் நிறம். இழைத்தால் தீக்கங்கு மாதிரி சிவந்து நிற்கும். அப்படி ஒரு வாசலில் மகள் கோலம் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பட்டறை முழுக்கச் செந்தூள் பறந்தது, மிளகாய் அரைக்கும் மில்லுக்குள் நுழைந்த மாதிரி நான்கூடத் தும்மினேன். அவர் தும்மித் தும்மி கண்ணெல்லாம் சிவந்து, வாயெல்லாம் பல்லாக வேலை செய்தார்.

வாசக்காலில் சுவரோடு ஒட்டும் பக்கத்துக்குத் தார் பூசுவது வழக்கம். சிமெண்ட் ஈரம் மரத்தில் ஏறாது. அவர் எந்த வீட்டுக்கும் அதை விட்டதில்லை. மகள் வீட்டுக்கு மட்டும் பூசவில்லை. மங்களமான மரத்தில் கறுப்பு எதற்கு என்று தோன்றியிருக்கிறது.

தை மாதம் நல்ல நேரத்தில் நிலையை நிறுத்தினார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு, எல்லாம் குறையில்லாமல் நடந்தது. கொத்தனார் இருபுறமும் சிமெண்ட் வைத்து அடைத்தார். மறுநாள் விடிந்ததும் சுவருக்குத் தண்ணீர் பீய்ச்சினார்கள். சற்று நேரத்தில் நிலையின் இரண்டு காலோரமும் சிவப்பாக வழிய ஆரம்பித்தது. புது வெள்ளைச் சிமெண்ட் படியில் இறங்கி, கோலத்தின் மேல் ஓடியது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொத்தனாரே என் கடையில் உட்கார்ந்து சொன்னார்.

மீனம்பாள் குடத்தைக் கீழே போட்டுவிட்டார். "ஐயோ, இன்னாடா இது! வாசப்படியில ரத்தம்!" தெரு கூடிவிட்டது. ஒவ்வொருவராக ரஞ்சனியைப் பார்த்தார்கள். அந்தப் பெண் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

கொத்தனாருக்குப் பரிதாபமாகப் போயிற்று. "ஒண்ணும் இல்லம்மா. மஞ்ச பூசியிருக்குது, சிமெண்ட் தண்ணி பட்டுது. ஆரத்தி கரைச்சா செவக்குது இல்ல? அந்த மாதிரிதான்" என்றார்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். மீனம்பாளின் முகம் தெளிந்தது. "ஆரத்தியா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். அதோடு முடிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தாண்டவராயன் மொபெட்டில் வந்து இறங்கினார். படியைப் பார்த்தார். பையிலிருந்து படாக் துண்டு ஒன்றை எடுத்தார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை வாங்கி, எச்சில் தொட்டு அந்தத் துண்டில் தேய்த்தார். விரல் சிவந்தது. மஞ்சள் இல்லாமலே சிவந்தது.

"மஞ்ச இல்ல சம்பந்தியம்மா. மரத்தோட சாயம். தண்ணி மட்டும் பட்டா விடாது, சுண்ணாம்பு காரம் பட்டா விடும்னு எனக்குத் தெரியாது. தார் பூசியிருக்கணும், பூசல. என் தப்பு."

கொத்தனார் அவரைத் தனியே இழுத்துப்போய்த் திட்டினார். "நான் அமுக்கிட்டேன், நீ ஏன்யா கெளப்புற?"

"அடுத்த மாசம் செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க. திரும்ப வழியும். அப்போ எந்த மஞ்சளச் சொல்லுவ? எம் பொண்ணத்தான் பாப்பாங்க."

மீனம்பாள் யோசித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார். "எடுத்துடுங்க."

தாண்டவராயனே கடப்பாரை போட்டு எடுத்தார். அடுத்த நல்ல நாளில், உள்பக்கம் தார் பூசிய கோங்கு நிலை ஒன்று அங்கே நின்றது. ரஞ்சனியை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அப்பா தன் தலையில் போட்டுக்கொண்டார். ஆனால் டவுன் பஸ்ஸில் அந்தச் சேதி கண் காது மூக்கு வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிற்று. தாண்டவராயன் வைத்த வாசலில் ரத்தம் வந்ததாம், ஒரு குடம் வந்ததாம். வாசக்காலுக்கு அவரைக் கூப்பிடுவது நின்றுபோனது. கட்டில், பெஞ்சு, டீக்கடை மேசை என்று வேலை வந்துகொண்டிருந்தது. பட்டனை மேல்வரை போடும் நாள்தான் வரவில்லை. அதை அவர் சொல்லிக் காட்டியதில்லை, எனக்குத்தான் பார்க்க வருத்தமாக இருந்தது.

எடுத்த நிலையை விற்க மனம் வரவில்லை. உயரம் குறைத்து, பின்பக்கம் தார் பூசி, தன் சொந்த வீட்டில் கரையான் தின்ற பழைய நிலைக்குப் பதிலாக வைத்துக்கொண்டார்.

படாக்கின் இன்னொரு குணம் இதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தச் சிவப்பு நிற்காது. வெளிச்சம் பட்டு மாதத்துக்கு மாதம் மங்கி, ஒன்றரை வருஷத்தில் நல்ல பழுப்புக்கு வந்துவிட்டது, பார்க்க வயசான தேக்கு மாதிரி. முன்னே கேட்டிருந்தால் டிப்போக்காரனே சொல்லியிருப்பான். ஆசை வந்தவன் எங்கே கேட்கிறான்.

ரஞ்சனிக்கு ஏழாம் மாதம். வல்லத்தில் வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு அழைத்துவந்தார்கள். கொண்டுவிட மீனம்பாளும் வந்தார். அந்த நிலை வைத்த பிறகு அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. சீர்த் தட்டெல்லாம் என் கடையில் எடுத்ததால் என்னையும் அழைத்திருந்தார்கள். ரஞ்சனி வாசலில் நின்றாள். தாண்டவராயனின் மனைவி குஞ்சம்மாள் ஆரத்தித் தட்டோடு வந்தார். ஆரத்தி சுற்றும் வரை சும்மா நிற்காமல் மீனம்பாள் நிலையைத் தடவிப் பார்த்தார்.

"எவ்ளோ லட்சணமா இருக்குது! இது இன்னா மரம் சம்பந்தி? இந்த மாதிரி ஒண்ண எங்க வூட்டுக்கு வச்சிருக்கக் கூடாதா?"

குஞ்சம்மாளின் கையில் தட்டு நின்றுவிட்டது. ரஞ்சனி தன் கால் விரலைப் பார்த்தாள். பேரப்பிள்ளை பிறந்து தொட்டில் கட்டப்போகிற வீட்டில் அதே நிலை நிற்கிறது என்று தெரிந்தால் அந்த அம்மாள் மருமகளை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். மைத்துனர் முன்னால் கானா என்று உடைத்த ஆள் இவர். மரத்தின் பேர் கேட்டால் பேர்தான் சொல்வார்.

தாண்டவராயன் நிலையின் மேல் கையை வைத்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது, பிறகு நகர்ந்தது.

"தேக்கு சம்பந்தியம்மா" என்றார். "பழைய பர்மா தேக்கு. அப்போ கெடைக்கல."

"அதான பாத்தேன்" என்றார் மீனம்பாள். "உள்ள போம்மா ரஞ்சனி, வலது கால வை."

குஞ்சம்மாள் தட்டைச் சுற்றி முடித்து, அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கொண்டுபோய் வாசலில் ஊற்றினார். தாண்டவராயன் என்னைப் பார்க்கவே இல்லை.