பதினோராவது ரீலில் நான்

நடிப்புத் தொழிலில் நடிக்கிற நேரம் மிகக் குறைவு. காத்திருக்கிற நேரமும், செய்வது என்ன தொழில் என்று வீட்டாருக்கு விளக்குகிற நேரமும்தான் அதிகம். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிவிட்டு, வீட்டார் நினைத்த வேலைக்குப் போகாமல் வேறு எதற்கோ போனவர்கள் உங்களில் இருந்தால் நான் பட்ட பாடு உங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் போடியிலிருந்து சென்னைக்குப் போன என் கதையில் சாகசம் எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றே சொல்லிவிடுகிறேன்.

காய் தீர்ந்துபோன செடி

பி.ஏ. தேர்வு முடிவு வந்து, ஆசிரியைப் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அப்போது குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்துக்குச் சினிமாப் படப்பிடிப்பு வந்தது. ஏலக்காய் எடுக்கிற பெண்களுக்கு எடுத்துச் சொல்ல, படித்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். போனேன். ஏலக்காயும் தேயிலை மாதிரி நுனியில் இருக்கும் என்று நினைத்துக் கேமராவை உயரத்தில் வைத்திருந்தார்கள். அது செடியின் தூரில், மண்ணை ஒட்டிச் சரம் சரமாகக் காய்ப்பது தெரிந்ததும் எல்லாவற்றையும் இறக்கிவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு வரி வசனம் பேசவேண்டிய சென்னைப் பெண், ஜீப் குலுக்கலில் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டாள். "அந்த வரியை நீ சொல்லும்மா" என்றார் டைரக்டர். நான் நடிகையான விதம் இவ்வளவுதான்.

முதல் தடவை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை எடுக்கலாம் என்று திரும்பினால், செடிகளில் பிஞ்சைத் தவிர ஒரு காய் இல்லை. 'கட்' சொன்ன பிறகும் பெண்கள் நிறுத்தவில்லை. எல்லோரும் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் காய் அத்தனையும் கூடைக்குப் போய்விட்டது. உதவி டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பேச்சியம்மா என்கிற அக்கா இடுப்பை நிமிர்த்தி, அவரை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னாள்: "கூலியவும் வாங்கிக்கிட்டுக் காயவும் செடியிலயே விட்டுட்டுப் போற சோலி எங்களுக்குத் தெரியாது சார்."

அப்பா கொடுத்த ஒரு வருஷம்

அந்த டைரக்டர் ஊருக்குத் திரும்பும்போது, சென்னையில் தொலைக்காட்சி நாடகம் தயாரிக்கிற தன் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தார். அதை மூன்று நாள் யாரிடமும் காட்டவில்லை. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

அப்பா எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப் டிரைவர். வாரத்தில் ஆறு நாள் போடிமெட்டுக்கு மேலே தோட்டங்களில்தான் ஓட்டம், தூக்கமும் அங்கேதான். ஞாயிறு காலையில் சந்தைக்கு வருகிறவர்களைக் கொண்டுவந்து இறக்குவார். மாலை சரியாக ஐந்தரைக்கு ஏற்றிக்கொண்டு மலைக்குத் திரும்பிவிடுவார். இருட்டுகிற நேரத்தில் கொண்டைஊசி வளைவுகளில் பனி இறங்கிவிடும் என்பதால் யாருக்காகவும் ஒரு நிமிஷம் நிற்கமாட்டார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்து மட்டும் போடுவார்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் கத்துவார் என்று பயந்தேன்; கத்தியது மாமா. "டிகிரி படிக்க வச்சது கூத்தாடுறதுக்கா மச்சான்? டீச்சர் வேலைக்கு மாப்பிள்ளை வரிசையில நிக்கிறான். இதக் கேள்விப்பட்டா ஒருத்தன் வாசப்படி ஏறுவானா?" அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்துதான் என்னைப் பார்த்தார். "ஒரு வருசம் போயிட்டு வா ஆத்தா. ஊரு சொல்றதக் கேட்டு நான் வேணாம்னும் சொல்லமாட்டேன், சரின்னும் சொல்லமாட்டேன். நீ செய்யிறத ஒருக்கா என் கண்ணால பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன்."

மழை பெய்த டிவி

சின்ன நிபந்தனைதான் என்று நினைத்தேன். சென்னைக்குப் போன பிறகுதான் அதில் இருந்த சிக்கல் புரிந்தது. எனக்கு வாய்ப்புக் கொடுத்த சென்னைத் தொலைக்காட்சியின் அலை எங்கள் ஊர்வரை எட்டாது. ஆறு மாதத்தில் ஏழு நாடகங்களில் நடித்தேன். பக்கத்து வீட்டுப் பெண், கல்லூரி மாணவி, ஒரு தடவை கதவைத் திறந்துவிடுகிறவள். சென்னையில் காய்கறிக் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு கறிவேப்பிலை கூடுதலாகப் போட்டார். போடியில் எனக்கு முகமே இல்லை.

எங்கள் தெருவில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவரின் மனைவி ஜெய்னம்பு அக்கா. வீடியோ போட்டுப் பார்க்க அவர்கள் வீட்டில் டிவி இருந்தது. என் நாடகம் வருகிற நாளைக் கடிதத்தில் எழுதியிருந்தேன். அக்கா மாடியில் மூங்கில் கட்டி, தென்னை உயரத்துக்கு ஆன்டெனா ஏற்றி, தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தாராம். திரையில் மழை பெய்கிற மாதிரி கோடுகள்தான். அரைமணி நேரமும் அம்மா எழுந்திருக்காமல் அந்த மழையைப் பார்த்தாள். உண்மையில் அன்று என் நாடகத்தைத் தள்ளிவைத்துவிட்டு வேறு ஏதோ நிகழ்ச்சி போட்டார்கள். இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு நெடுநாள் வாய் வரவில்லை. காரணம், ஜெய்னம்பு அக்கா அன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல்: "மூஞ்சி வரலேன்னா என்னக்கா? இம்புட்டு இரைச்சலுக்கு நடுவுல ஒரு பொம்பளப்பிள்ள சத்தம் கேக்குதே, அது நம்ம பிள்ளதான்."

தண்ணீர் கொண்டுவந்த வேலைக்காரி

ஏழாம் மாதம் சினிமாவில் ஒரு வேடம் கிடைத்தது. பணக்கார வீட்டு வேலைக்காரி. நெக்லஸைத் திருடினாள் என்று எஜமானி பழி போட, "நான் எடுக்கலம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போகவேண்டும். மூன்று நிமிஷம் திரையில் நான் இருப்பேன்.

படப்பிடிப்பன்று பழைய சேலையோடு செட்டின் ஓரத்தில் நின்றிருந்தேன். எஜமானியாக நடித்த மூத்த நடிகை, நான் உண்மையிலேயே அங்கே வேலை செய்கிறவள் என்று நினைத்து, "தண்ணி கொண்டு வாம்மா" என்றார். கொண்டுவந்தேன். இரண்டாவது டம்ளரும் கொண்டுவந்தேன். கேமரா முன்னால் அவருக்கு எதிரே என்னை நிறுத்தியபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அன்று முழுக்கத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒன்று போடச் சொல்லி, சாப்பாட்டையும் பகிர்ந்துகொண்டார். "தண்ணி கொடுத்தது சரி கண்ணு. நானும் நடிகைதாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கூச்சம்?"

வெள்ளைச் சட்டை

படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தபோது அப்பா கொடுத்த வருஷம் முடிய மூன்று வாரம் இருந்தது. போன வருஷம் மனுப் போட்ட ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதமும் ஒருவழியாக வந்துவிட்டது. நானும் ஊருக்கு வந்தேன். ஞாயிறன்று அப்பா ஜீப்பைத் தியேட்டருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, சாயங்காலம்வரை அதிலேயே தூங்குவார். படம் பார்க்கிற பழக்கம் கிடையாது. அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஜீப்பில் வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு மேட்னிக்கு வந்தார். அம்மாவோடு பெண்கள் பக்கம் நான் உட்கார்ந்தேன்.

நெக்லஸ் காணாமல் போயிற்று. அடுத்து நான் வரவேண்டும். திரை ஒரு துள்ளுத் துள்ளியது. கதாநாயகன் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தான். நெக்லஸ் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. சென்னையில் இதே படத்தில் என்னைப் பார்த்தவள் நான். ஆனாலும் அந்த இருட்டில், அது கனவோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஐந்து இருபதுக்குப் படம் முடிந்தது. வெளியே வந்த அப்பா கோபப்படுவார், நான் பொய் சொன்னதாக நினைப்பார் என்று பயந்தேன். அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்: "கண்ணாடி போட்டாகணும் போல ஆத்தா. உன்னய எனக்கு அடையாளம் தெரியாமப் போச்சு."

அழுகிற ரீல்

ஜீப் போனதும் ஆபரேட்டர் அறைக்கு ஏறினேன். படம் ஓட்டுகிற காதர் அண்ணன் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார். என் காட்சி எங்கே என்று கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. முழுப்படமும் ஓட்டினால் ஐந்தே முக்கால் ஆகிவிடும். மலைக்குப் போகிற ஜனம் ஐந்தேகாலிலிருந்தே எழுந்து ஓட ஆரம்பிக்கும். கடைசிச் சண்டையைப் பார்க்காமல் போகிறார்களே என்று பாவப்பட்டு, ஞாயிறு மேட்னிக்கு மட்டும் இடைவேளையைச் சுருக்கி, ஒரு ரீலை விட்டுவிடுவாராம். பதினைந்து வருஷமாக இதுதான் வழக்கம். இந்தப் படத்தில் விட்டது பதினோராவது ரீல்.

யாருடைய ஜீப்புக்காக என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கிளம்புவது எங்கள் அப்பாவின் ஜீப்தான். எந்த ரீலை விடுவது என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். "பாட்டும் சண்டையும் இல்லாத ரீலாப் பாத்து எடுப்பேன்மா. இதுல ஒரு பொண்ணு சும்மா நின்னு அழுதுக்கிட்டே இருந்துச்சு, போனாப் போகுதுன்னு எடுத்துட்டேன். அட, அது நீதானா?"

பின்சீட்டில் எடுத்த முடிவு

அடுத்த ஞாயிறு படத்துக்குக் கடைசி நாள். காதர் அண்ணனே காலையில் சந்தைக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொல்லி, "இன்னைக்கு முழுசா ஓட்டுறேன் அண்ணே, வண்டியக் கால்மணி நேரம் நிறுத்த முடியுமா?" என்று கேட்டார். அப்பா மலையைப் பார்த்தார். "பனி இறங்கிருமேப்பா. என் மகளுக்காக அத்தனை பேர எப்படிக் காக்க வைக்க?" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் ஜீப்பின் பின்சீட்டில் இருந்தவர்கள் காதர் அண்ணன் சொன்ன வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். "அப்ப நாங்க பாத்த படம் எதுவும் முழுசு இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். "அதான் போன மாசப் படத்துல செத்தவன் எப்படிச் செத்தான்னு எனக்கு வெளங்கவே இல்ல" என்றார் இன்னொருவர். காதர் அண்ணன் நழுவப் பார்த்தார். தோட்ட வேலைக்காரர்களில் ஒருத்தியான முருகாயி மதினி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்: "பதினஞ்சு வருசமா எத்தன ரீலத் தின்னுருக்காரு இந்த மனுசன்! கால்மணி நேரம் பனியில போனா நாம என்ன கரைஞ்சா போயிருவோம்? நிறுத்துங்கண்ணே வண்டிய!"

ஐந்தே முக்கால்

பதினோராவது ரீல் ஓடியது. நான் வந்தேன். எஜமானி பழி போட்டாள், நான் அழுதேன், "நான் எடுக்கலம்மா" என்றேன், வெளியே போனேன். ஆண்கள் பக்கம் அப்பா எப்படி உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் ஜீப்பில் ஏறினார்கள். முருகாயி மதினி என் கன்னத்தை வழித்துச் சொடக்கு எடுத்தாள். அப்பா எஞ்சினைக் கிளப்பி, பனிக்கான மஞ்சள் விளக்கைப் போட்டு, துணியால் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார். பயிற்சிக் கடிதம் என் கைப்பையில் இருந்தது. அவர் சொல்வதைக் கேட்க ஜன்னல் பக்கம் போனேன். அவர் முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் என்மேல் இல்லை. "எடுக்கலேன்னு ஒருக்காச் சொன்னாப் போதுமா? அந்தப் பொம்பளைய நாலு வார்த்தை கேட்டுட்டுல்ல வெளிய வந்திருக்கணும்! அடுத்த படத்துல யாரையும் சும்மா விட்டுறாத ஆத்தா."

இப்போது ஒரு தொடரில் என் பெயர் முதலாவதாக வருகிறது. முன்னுக்கு வர முகவெட்டு வேண்டும், குரல் வேண்டும் என்று யார் சொன்னாலும் நான் மறுப்பதில்லை, ஆனால் என் விஷயத்தில் ஒரு ஜீப் நிறைய ஆட்கள் கால்மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போகச் சம்மதித்த பிறகுதான் அவை இரண்டும் உதவிக்கு வந்தன.