கீழ்வீட்டுப் போக்கியம்

என் நைனாவின் படத்தைக் கழற்றிய கையை அன்றைக்கே ஒடித்திருக்க வேண்டும். ஒடிக்க நான் வீட்டில் இல்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால், கூடத்துச் சுவரில் என் நைனாவை மாட்டியிருந்த அதே ஆணியில் மாடிவீட்டுக்காரரின் அப்பா மாலையும் சந்தனமுமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். செத்துப்போன என் நைனா கட்டிலுக்கு அடியில், பழைய துணி மூட்டைக்குப் பக்கத்தில் முகங்குப்புறக் கிடந்தார்.

நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. என் கணவர் மட்டும் மெதுவாகத்தான் பேசினார்.

"பேங்க்ல இருந்து ஆளு வந்து வீட்டை போட்டோ புடிச்சிக்கினு போனாங்க. கீழயும் மாடிவீட்டு அண்ணன் குடும்பமே இருக்கறமாரி தெரியணுமாம். அப்பதான் லோன் வருமாம். ஒரு மணி நேரம்தான்னு கேட்டாரு. நான் இன்னான்னு சொல்றது?"

"முடியாதுன்னு சொல்றது."

"எப்படி சொல்றது? அண்ணன் ஆச்சே."

அவர் அப்படித்தான். செஞ்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சிங்கவரத்துக்காரர்கள், தொண்டூர்க்காரர்கள் எல்லாம் தங்கள் கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் காசை அறுவடைக்குத் தருகிறேன் என்பார்கள். இவரும் தலையை ஆட்டுவார். இல்லை என்கிற சொல்லை இவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நாங்கள் அந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் போக்கியத்துக்கு இருந்தோம். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு மாத வாடகை கிடையாது. காலி செய்யும் நாளில் கொடுத்த தொகை அப்படியே திரும்ப வரும். என் கணவருக்குச் சிங்கவரத்தில் பாகமாக வந்த, கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையை விற்று அந்தத் தொகையைக் கொடுத்திருந்தோம். எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். மாடியில் வீட்டுக்காரர், அவர் மனைவி, ஒரே பெண். அவர் இரண்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், மூன்றாவது வாங்கத்தான் அந்த லோன். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி என்னை அக்கா என்பாள்.

மூன்றாவது லாரி வந்தது. பிறகு தவணை நின்று மூன்று லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பேங்க் தபாலுக்குத் தபால்காரர் கையெழுத்து வாங்க வரும்போதெல்லாம் வீட்டுக்காரர் மாடியிலிருந்து "ஊர்ல இல்லன்னு எழுதி திருப்பிடு" என்று கத்துவார். பதிவுத் தபாலைக் கையால் தொடாவிட்டால் கேஸ் செல்லாது என்று அவருக்கு எவனோ சொல்லிவைத்திருந்தான். இந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். திருப்பியனுப்பினாலும் கொடுத்ததாகத்தான் கணக்கு என்பது கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய அன்றுதான் தெரிந்தது. வீட்டைப் பேங்க் தன் வசம் எடுத்துக்கொண்டது, யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது என்று அதில் இருந்தது. கீழே குடியிருக்கும் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் அந்த வீட்டில் இல்லவே இல்லை.

நான் மாடிப்படி ஏறிப் போய் அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் என்னைத் தள்ளிவிட்டார், நான் கைப்பிடிச் சுவரில் மோதினேன், தோள்பட்டை வீங்கிவிட்டது. என் கணவர் வந்து அவரிடம் "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றார். அன்றைக்கு யாரை முதலில் அடிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வக்கீலிடம் போனோம். அவர் பழைய ஜைனக் குடும்பத்துக்காரர், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். அதனால் சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்ததும் வராததுமாக டிபன் தட்டோடுதான் கட்சிக்காரர்களிடம் பேசுவார். எங்கள் தலையெழுத்தை அவர் இட்லியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"டீச்சரம்மா, உங்களுக்கு ரெண்டு சண்டை இருக்குது. வீட்டுக்காரன் ஒன்னு, பேங்க் ஒன்னு. வீட்டுக்காரன் உங்க கழுத்தை புடிச்சு வெளிய தள்ள முடியாது. அதுக்கு இங்கயே கோர்ட்டுல தடை வாங்கிடலாம். பேங்க் மேல இந்த கோர்ட்டுல ஒன்னும் பண்ண முடியாது. அதுக்குன்னு மெட்ராஸ்ல தீர்ப்பாயம் இருக்குது. நோட்டீஸ் ஒட்டின நாள்ல இருந்து நாப்பத்தஞ்சு நாளுக்குள்ள அங்க போவணும்."

"நாங்க போவலாமா சார்? வீடு எங்களுது இல்லியே."

"குடியிருக்கறவங்களும் போவலாம். அவன் போவ மாட்டான். முதல் நோட்டீஸுக்கே அறுபது நாள் டைம் குடுத்திருப்பாங்க, ஆட்சேபணை எழுதியிருக்கலாம். அவன் தபாலையே வாங்கல. ஏலத்துக்கு விளம்பரம் போடற வரைக்கும் கட்டி மீட்டுக்கலாம், அதுக்கும் அவன்கிட்ட காசு இல்ல. உங்க அக்ரிமெண்ட் ரிஜிஸ்டர் பண்ணதா?"

"பத்திரத்துல எழுதி கையெழுத்து வாங்கி வச்சிருக்கோம். போக்கியத்தை யாரு சார் ரிஜிஸ்டர் பண்றாங்க இந்த ஊர்ல?"

"யாரும் பண்றதில்ல. அதுலதான் என் பொழப்பு ஓடுது." சட்னியைத் தொட்டுக்கொண்டார். "லோனுக்கு முன்னாடியே காசு குடுத்து குடிவந்தோம்னு நீங்க நிரூபிக்கணும். ரேஷன் கார்டு இருக்குது, கேஸ் சிலிண்டர் பில் இருக்குது. இருந்தீங்கன்னு காட்டலாம். ஆனா பேங்க் ஃபைல்ல போட்டோ இருக்கும். சுவத்துல அவன் அப்பன் தொங்கறான். சொந்தக்காரங்க, சும்மா தங்கியிருந்தாங்கன்னு பேங்க் சொல்லும். இவங்ககிட்ட காசு வாங்கினேன், லோனுக்கு முன்னயே வாங்கினேன்னு அவன் வாயால சொல்லி கையெழுத்து போட்டா, தீர்ப்பாயத்துல நிக்கறதுக்கு ஒரு கால் கிடைக்கும்."

"போட மாட்டான் சார். பேங்க்கை ஏமாத்தினேன்னு அவனே ஒத்துக்கறமாரி ஆவும்."

"அப்ப காசுக்கு அவன் மேல தனியா வழக்கு போடலாம். ஜெயிப்பீங்க. ஜெயிச்சு எதை புடுங்கறது, அதுதான் கேள்வி." தட்டில் கை கழுவினார்.

வெளியே வந்ததும் என் கணவர் "அண்ணன்கிட்ட நான் பேசறேன்" என்றார். பேசினார். அண்ணன் யோசிக்கிறேன் என்றார். அவர் யோசித்தது என்னவென்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அனந்தபுரம் பக்கத்து ஆட்கள் மூன்று பேரோடு ஒரு மினி லாரியில் வந்து இறங்கினார் வீட்டுக்காரர். கையில் இரும்புக் கம்பி. வாசலில் நின்று தன்மையாகத்தான் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, காலி பண்ணிடும்மா. ஒரு பார்ட்டி கிடைச்சிருக்குது. வீடு காலியா இருந்தா இந்த வாரமே காசு தரானாம். பேங்க்ல கட்டி மீட்டுடுவேன். உங்க காசை அப்புறமா பார்த்து குடுத்துடறேன்."

"காசை வச்சிட்டு பேசுங்கண்ணே."

அதற்குமேல் பேச்சு இல்லை. ஒருவன் உள்ளே புகுந்து கிரைண்டரைத் தூக்கித் தெருவில் எறிந்தான். கல் உருண்டு சாக்கடையில் விழுந்தது. இன்னொருவன் பீரோவைக் கவிழ்த்தான். என் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைத்தாள்கள் தெருவெல்லாம் பறந்தன. மூன்றாமவன் சுவரில் திரும்பவும் மாட்டியிருந்த என் நைனாவின் படத்தை நோக்கிக் கையை நீட்டினான். நான் கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியைப் பானையோடு தூக்கி அவன் மேல் ஊற்றினேன். தொடையிலிருந்து பாதம் வரை வெந்துபோய் அவன் போட்ட அலறல் இன்றைக்கும் என் காதில் இனிக்கிறது. இதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் கணவர் யாரையும் அடிக்கவில்லை. வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றார். "வேணாம்ணே, வேணாம்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். "கைய எடுடா" என்றார் வீட்டுக்காரர். இவர் எடுக்கவில்லை. "கைய எடுடா" என்று சொல்லிக்கொண்டே வலது கையின் மேல் கம்பியை இறக்கினார். திரும்பவும் இறக்கினார். எலும்பு நொறுங்கும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. அப்போதும் இவர் இடது கையை எடுக்கவில்லை. நான் அம்மியிலிருந்த குழவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். என்னை நாலு பெண்கள் பிடித்து இழுத்தார்கள். இழுக்காமல் விட்டிருந்தால் இன்று நான் வேலூர் ஜெயிலில் இருப்பேன், வீட்டுக்காரர் சுடுகாட்டில் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கோட்டை பார்க்க வந்த வேன்கள் ரோட்டை அடைத்து நின்றன. ஆட்டோ நகரவில்லை. என் மடியில் இவர் கை தோல்பையில் போட்ட கல் மாதிரி கனத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்காது என்றார்கள். காயில் கட்டுகிறவனுக்கு அந்த இரண்டு விரல்கள்தான் கை.

போலீஸில் வீட்டுக்காரர் மேல் வழக்குப் பதிவானது. வெந்துபோனவன் என் மேல் ஒரு புகார் கொடுத்தான். வீடு வாங்க வந்த பார்ட்டி அடிதடி என்று கேள்விப்பட்டதும் காணாமல் போய்விட்டான். இதற்குள் அந்த நாற்பத்தைந்தில் பாதி நாட்கள் ஓடியிருந்தன. வக்கீல் தினமும் போன் செய்து நாள் போகிறது, நாள் போகிறது என்றார்.

அப்போதுதான் வீட்டுக்காரர் மனைவி கீழே இறங்கி வந்தாள்.

"அக்கா, நீங்க கேஸை முடிச்சிக்கினா அவரு கையெழுத்து போடறேன்றாரு. உங்ககிட்ட காசு வாங்கினது, எப்ப வாங்கினது, எல்லாத்தையும் எழுதி குடுக்கறேன்றாரு. அவரு உள்ள போயிட்டா நானும் பொண்ணும் எங்க போவோம்?"

"என் புருஷன் கைய எங்க போய் வாங்கறதுன்னு அந்தாளைக் கேட்டுக்கினு வா."

அவள் நின்ற இடத்திலேயே அழுதாள். அவள் அழுகை என்னை இன்னும் வெறியேற்றியது. அந்த ஆளைக் கைவிலங்கோடு பஸ் ஸ்டாண்டு வழியாக நடத்திக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லாமல் இருந்தது. கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த என் கணவர்தான் பேசினார்.

"வந்து போடச் சொல்லும்மா."

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. சோறு போட்டேன், ஊட்டினேன், பேசவில்லை. ஆனால் வக்கீலும் அதையே சொன்னார். கையை உடைத்த வழக்கைச் சும்மா வாபஸ் வாங்க முடியாதாம். இரண்டு தரப்பும் சமாதானம் என்று ஹைகோர்ட்டில் மனுப் போட்டுத்தான் முடிக்க வேண்டுமாம். அவனை ஜெயிலுக்கு அனுப்பினால் மனம் ஆறும், வீடு போகும். கையெழுத்து வாங்கினால் வீடு நிற்கலாம், நிற்காமலும் போகலாம். எது வேண்டும் என்றார்.

கையெழுத்துப் போட வீட்டுக்காரர் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். டைப் அடித்த வாக்குமூலத்தைப் படிக்காமலே பேனாவை எடுத்தார். நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

"படிங்கண்ணே. சத்தமா."

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஜன்னலைப் பார்த்தார். கீழ்ப்பகுதியில் இவர்கள் போக்கியத்துக்குக் குடியிருப்பது உண்மை, தொகையை முழுவதும் வாங்கிக்கொண்டது உண்மை, அதை மறைத்துக் கடன் வாங்கியது உண்மை என்று அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். நடுவில் குரல் இறங்கியபோது "கேக்கல" என்றேன். மறுபடி முதலிலிருந்து படித்தார். அவர் படித்து முடித்தபிறகுதான் பேனாவைக் கொடுத்தேன்.

கெடு முடிவதற்குள் சென்னையில் மனுப் போட்டோம். பேங்க் வக்கீல் போட்டோவைக் காட்டினார். எங்கள் வக்கீல் அந்த வாக்குமூலத்தையும் ரேஷன் கார்டையும் காட்டினார். வழக்கு முடியும்வரை கீழ்ப்பகுதியில் இருப்பவர்களை வெளியேற்றக் கூடாது என்று தீர்ப்பாயம் இடைக்கால உத்தரவு போட்டது. வீடு எங்களுக்கு என்று யாரும் சொல்லவில்லை. வெளியே போ என்று இப்போதைக்குச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். மாடிக்கு அந்தத் தடையும் இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள், நான் பள்ளியிலிருந்து வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது, கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனரும் போலீசும் பேங்க்காரர்களும் வந்தார்கள். மாடிக் கதவைத் திறக்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர் திறக்கவில்லை. பூட்டை உடைத்தார்கள். பாத்திரங்கள் படியில் உருண்டு வந்து எங்கள் வாசலில் விழுந்தன. மெத்தை, டிவி, அந்தப் பெண்ணின் சைக்கிள், எல்லாவற்றையும் கொண்டுவந்து மழையில் வைத்தார்கள். வீட்டுக்காரர் ஒரு போலீஸ்காரரின் காலைப் பிடித்தார், அவர் காலை உதறிக்கொண்டார். நான் ஜன்னலில் நின்று ஒன்றுவிடாமல் பார்த்தேன். நன்றாக இருந்தது.

சீல் வைத்துவிட்டு அவர்கள் போனபிறகு தெருவில் மூன்று பேர் நின்றார்கள். அந்தப் பெண் பள்ளிச் சீருடையில் இருந்தாள். புத்தகப்பையை மழை படாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா எங்கள் கதவைத் தட்டினாள்.

"அக்கா, இன்னிக்கு மட்டும். பொண்ணை மட்டுமாவது உள்ள வுடுக்கா."

அந்த ஆள் தெருவிலேயே கிடந்து சாகட்டும், அவளையும் பிள்ளையையும் உள்ளே கூப்பிடலாம் என்று எழுந்தேன். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. அதற்குள் என் கணவர் எனக்கு முன்னால் போனார். திறக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் வேறென்ன செய்வார்.

இடது கையால் தாழ்ப்பாளைப் போட்டார். கீழ்த் தாழையும் குனிந்து போட்டார். வெளியே அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து, "சோறு போடு" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் சோறு போட்டேன்.