மூன்று நாள் மூட்டத்துக்கு ஒரு பேட்டரி

கவுஞ்சியில் வேலுத்தாயை மறந்த மனிதர்கள் இருக்கலாம். அவள் பார்த்துக்கொள்ளும் வேலியில் மூக்கை வைத்த காட்டுமாடு ஒன்றுகூட அவளை மறந்திருக்காது. பதினோரு வருடங்களுக்கு முன்னால் அவளுடைய பூண்டு வயலைச் சுற்றிச் சூரிய மின்வேலி வந்தது. பகலெல்லாம் தகடு வெயிலை வாங்கிப் பேட்டரியை நிரப்பும், இரவெல்லாம் பேட்டரி கம்பிக்கு உயிர் கொடுக்கும். பழுதானால் வத்தலக்குண்டிலிருந்து ஆள் வரப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் காட்டுமாடு கை கட்டிக்கொண்டு நிற்குமா? எட்டாவது வரை படித்த வேலுத்தாய் ஒருநாள் ஆத்திரத்தில் பெட்டியைத் தானே திறந்துவிட்டாள். இன்றைக்கு மேல்மலையில் அறுபது வேலிகள் அவள் கைபட்டுத்தான் ஓடுகின்றன.

சௌம்யா அவளைத் தேடி வந்தது நவம்பர் கடைசியில். பழனிக்காரப் பெண், மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். மன்னவனூர்ப் புல்வெளியில் உறைபனி விழுவதற்கு முன்னும், விழுந்த அன்றும், அதற்குப் பிறகும் மண் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு உறைபெட்டியில் வைக்க வேண்டும். அதற்காகவே பழைய வேன் ஒன்றில் கட்டிலும் அடுப்பும் உறைபெட்டியும் வைத்து அதை ஒரு வீடாக்கியிருந்தாள். போன வருடம் மூன்றாம் நாளே பேட்டரி படுத்துவிட்டது. பெட்டி உருகி, அந்த வருட உழைப்பு முழுவதும் சேறாகிப் போனது.

"எஞ்சினைப் போட்டு ஓட விட்டா ஏறிட்டுப் போகுது. அதுக்கு ஏன் தாயி இம்புட்டுக் கவலை?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"போடவே கூடாதுக்கா. புகை மண்ணுல படிஞ்சா ஆராய்ச்சியே தப்பாயிரும். ஆறு நாளும் எஞ்சினத் தொடக் கூடாது." சௌம்யாவின் குரல் இறங்கியது. "இந்த வாட்டியும் கெட்டுப் போச்சுன்னா அவ்வளவுதான். மார்ச்சோட கெடு முடியுது. அஞ்சு வருஷப் படிப்பு."

வேலுத்தாய்க்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றே அந்தச் சோலியைத் தன் சோலியாக எடுத்துக்கொண்டாள்.

வேனுக்கு வயர் இழுக்கிறவன் அட்டுவம்பட்டி ஞானவேல், கார் எலக்ட்ரீசியன். டூரிஸ்ட் வேன்களுக்குப் பேட்டரி மாட்டியே பேர் வாங்கினவன். "நூறு ஏஹெச் ஒண்ணு போதும் யக்கா. எல்லாருக்கும் அதான் மாட்டுறேன்" என்றான். ஏஹெச் என்பது பேட்டரியின் கொள்ளளவு. நூறு ஏஹெச் என்றால், ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் நூறு மணி நேரம் வரும்.

வேலுத்தாய் பேட்டரி பெரிசா சின்னதா என்று பேசவே இல்லை. அவள் கேட்டது இரண்டே கேள்விகள்: ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு, எத்தனை நாள் வெயில் வராது? இரண்டாவதற்கு விடை அவளிடமே இருந்தது. வேலிகளுக்காகப் பதினோரு வருடமாகக் காலண்டர் தாளில் வெயில் இல்லாத நாளுக்கெல்லாம் வட்டம் போட்டு வைத்திருந்தாள். மார்கழியில் மூட்டம் இறங்கினால் மூன்று நாள் நிற்கும், நாலாம் நாள் விலகும். விலகின கையோடு உறைபனி விழும்.

முதல் கேள்விக்கு உர மூட்டை அட்டையில் கணக்குப் போட்டாள். உறைபெட்டிக்கு முப்பது ஏஹெச், லேப்டாப், விளக்கு, போன் எல்லாம் சேர்த்து இருபது. ஆக நாளொன்றுக்கு ஐம்பது, மூன்று நாளைக்கு நூற்றைம்பது. லித்தியம் பேட்டரியில் கடைசி ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் விட்டால்தான் அது நாள்பட உழைக்கும். அதையும் சேர்த்து நூறு ஏஹெச் பேட்டரி இரண்டு என்று முடிவு செய்தாள்.

ஞானவேல் தோளைக் குலுக்கிவிட்டு, இரண்டையும் வண்டிக்கு அடியில் தொங்கவிட இரும்புச் சட்டத்தை எடுத்தான். "உள்ள எடம் மிச்சம்ல?"

"ஏலே, அத எடுத்து உள்ள வையி. கட்டிலுக்கு அடியில வையி."

"எல்லா வண்டிக்கும் வெளியதான் யக்கா மாட்டுறேன்."

"எல்லா வண்டியும் மன்னவனூர்ப் புல்லுல படுக்குதா? லித்தியம் வெறைச்சுப் போனா செலவுக்குக் குடுக்கும், ஆனா வெயில வாங்காது. போன தை மாசம் எட்டு வேலிப் பெட்டி அப்படி மக்கர் பண்ணுச்சு. நான்தான் பூண்டுத்தாளச் சுத்திச் சுத்தி வச்சேன்."

ஞானவேல் முனகிக்கொண்டே உள்ளே வைத்தான்.

வேலுத்தாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலியையும் சோதிக்காமல் ஆளிடம் ஒப்படைக்க மாட்டாள். தகட்டை மூடி, பொய் மூட்டம் போட்டு, பேட்டரி எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்பாள். வேனைத் தன் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, கூரைத் தகடுகளின் மேல் பூண்டு காயப்போடும் தார்ப்பாயை விரித்துக் கட்டினாள். உள்ளே உறைபெட்டி, விளக்கு, லேப்டாப் எல்லாவற்றையும் ஓட விட்டாள். இருநூறு முழுதாக இருந்தது. மறுநாள் காலை அதே நேரம் மீட்டரில் நூற்றைம்பது இருக்க வேண்டும்.

இருந்தது நூற்றிருபது.

அவள் முகம் சுண்டிப்போனது. கணவன் செல்லப்பாண்டி டீயை ஆற்றிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். "என்ன புள்ள, வேலிக்காரி கணக்கு வேன்ல ஏற மாட்டேங்குதாக்கும்?"

அவள் வேனுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். வயரைத் தடவிப் பார்த்தாள்; எங்கும் கசிவில்லை. பத்து மணி ஆயிற்று. காலடியில் உறைபெட்டி கிர்ரென்று உறுமத் தொடங்கியது. வேலுத்தாய் அதையே உற்றுப் பார்த்தாள்.

"அடி பாவி! நீ பகல்லயும் முழிச்சுத்தான் கெடக்கியா?"

பதினோரு வருடமாக அவளுக்குத் தெரிந்த பேட்டரிகள் எல்லாம் இரவில் உழைத்துப் பகலில் சாப்பிடுகிறவை. அந்தப் பழக்கத்தில் உறைபெட்டிக்கும் இரவு பன்னிரண்டு மணி நேரத்தை மட்டும்தான் எழுதியிருந்தாள்! வேலிக்காரியைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. செல்லப்பாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் புல்வெளியில் தெரியவேண்டியது வாசலிலேயே தெரிந்துவிட்டதே என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

உடனே சௌம்யாவுக்குப் போன் போட்டாள். "தாயி, தப்பு என்மேல. பெட்டிக்கு முப்பது இல்ல, அறுபது. ஒரு நாளைக்கு எம்பது, மூணு நாளைக்கு எரநூத்தி நாப்பது. மூணாவது பேட்டரி வேணும்."

விஷயம் தெரிந்து ஞானவேலுக்கு ஒரே குஷி. "அப்ப அஞ்சா மாட்டிருவமா? தொல்லை விட்டுச்சு."

"மேல இருக்குற தகடு நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு நூத்தி இருபது குடுக்கும். எம்பது செலவு போக மிச்சம் நாப்பது. அஞ்சையும் நெறப்ப ஒங்க தாத்தாவா வெயில் கொண்டாருவாரு? மூணு மாட்டு, போதும்."

மூன்றாவதும் ஏறியது. மறுபடி தார்ப்பாய், மறுபடி காத்திருப்பு. மூன்று நாள் கழித்து மீட்டர் அறுபதில் நின்றது.

மார்கழி பிறந்து இரண்டாவது திங்கட்கிழமை காலையில், முந்நூறும் நிறைந்த வேன் புல்வெளிக்குள் போய் எஞ்சினை அணைத்தது. மதியமே மூட்டம் இறங்கியது. செவ்வாய் முழுக்க எதிர்வீடு தெரியவில்லை. புதன்கிழமையும் அப்படியே. புல்வெளியில் போன் எடுக்காது. வேலுத்தாய் பூண்டுக்குக் களை எடுத்தாள், சோறாக்கினாள், நூறு தடவை வானத்தைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை வெள்ளனே கதவைத் திறந்தால் வயல் முழுக்க வெள்ளை. மூட்டம் இருந்த இடம் தெரியவில்லை. "ஏங்க, எந்திரிங்க, வண்டிய எடுங்க வெரசா!" கம்பளியைச் சுற்றிக்கொண்டு செல்லப்பாண்டியின் பைக்கில் ஏறினாள். தன் சொல்லை நம்பி ஒரு பெண் ஐந்து வருடத்தைக் கொண்டுபோய்ப் புல்லில் வைத்திருக்கிறாள்.

சௌம்யா மீட்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. மீட்டரில் அறுபத்தொன்று. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரி. கட்டிலுக்கு அடியில் ஏழு. கூரைத் தகடுகளில் படிந்திருந்த பனியைச் செல்லப்பாண்டி துண்டால் துடைத்துவிட்டான். வெயில் இன்னும் குன்றுக்கு அந்தப் பக்கம் நின்றது.

ஏழே முக்காலுக்கு வெயில் கூரையைத் தொட்டது. மீட்டர் சும்மா இருந்தது. பிறகு இரண்டு ஆம்பியர் என்றது. ஆறு. பதினாலு. இருபத்திரண்டு.

"ஏறுது தாயி! ஏறுது பாரு!" வேலுத்தாய் போட்ட கூச்சலில் புல்லில் மேய்ந்த மாடுகள் தலை தூக்கின. சௌம்யா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே மண் குழாய்களை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள், உறைபனி உருகுவதற்குள் எடுக்க வேண்டுமே. வேலுத்தாய்க்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம், முதல் வேலியில் காட்டுமாடு திரும்பிப் போன நாளில்கூட இருந்ததில்லை.

அன்று மதியம் அவள் வீடு திரும்பியதும் ஞானவேல் போன் செய்தான். வெளியே பேட்டரி தொங்கும் டூரிஸ்ட் வேன் ஒன்று காலையில் வெயிலை வாங்கவே இல்லையாம். "யக்கா, அந்தக் கட்டில் அளவு என்னன்னு சொன்னீங்கன்னா..."

"நேர்ல வாலே, சொல்றேன்" என்று சிரித்தாள் வேலுத்தாய்.

சனிக்கிழமை சாயங்காலம் வேன் அவள் வாசலில் வந்து நின்றது. சௌம்யா உறைபெட்டியைத் திறந்து காட்டினாள். இருநூற்றுப் பதினாறு குழாய்கள், கல்லாக உறைந்து, ஒன்றுகூடக் கெடாமல். வேலுத்தாய் ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆராய்ச்சிப் புத்தகத்துல உங்க பேரப் போடணும்க்கா. எப்படிப் போடட்டும்?"

"வேலிக்காரின்னு போடுங்க" என்றான் செல்லப்பாண்டி, முகமெல்லாம் பெருமையாக.

"வேலுத்தாய், மின்வேலி, கவுஞ்சின்னு போடு" என்றாள் அவள். "பெட்டிக்குப் பகல எண்ணாம விட்டதையும் சேத்து எழுது தாயி. அடுத்து வர்றவ எண்ணிக்கிருவா."