அழிக்கப்பட்டது எனக் குறித்த வரி

எங்கள் ரயில் வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் சொல்லும் வழக்கம் கிடையாது. திருத்தணியில் வண்டி கிளம்பியதும் "முருகா" என்று தொடங்கி ஆளுக்கொரு வரி போடுவார்கள். முருகா, இன்னிக்கி மேனேஜர் லீவு போடணும். முருகா, உக்கார எடம் கெடைக்கணும். தமிழுக்குள் தெலுங்கு புகுந்து, பாதி இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும். மொழியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கை பரபரக்கும்.

எல்லையோர ஊர்க்காரர்கள் போனில் எழுதும் மொழியைத் தொகுக்கும் ஓர் ஆய்வில் உதவியாளராகச் சேர்ந்தேன். அதை நடத்திய மேடம் வெளியூர். வீடியோ அழைப்பில்தான் பழக்கம். அவர் கேட்டு முடிப்பதற்குள் எங்கள் குழுவைச் சொல்லிவிட்டேன். பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி எல்லோரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கியதும் நான்தான்.

எங்கள் பெட்டியில் வரும் அக்கா ஒருவர் மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பள்ளிப்பட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அரக்கோணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பார். அவருடைய நாத்தனாரும் குழுவில் இருந்தார்.

"நான் டெலீட் பண்ணிட்டா அது உன் கம்ப்யூட்டர்லயும் போயிடுமா?"

"ஆங், போயிடும்க்கா. பேரும் இருக்காது."

அந்த உறுதியை மேடத்திடம் முன்பே கேட்டு வாங்கியிருந்தேன். குழுவில் செய்தி விழுந்த நொடியே என் லேப்டாப்பில் பதிவாகிவிடும். அவர்கள் பிறகு அழித்தாலும் என்னிடம் நிற்கும். மூலப் பதிவில் நீ கைவைக்காதே, அழித்ததைச் சிவப்பில் குறித்தால் போதும், வெளியிடுமுன் நானே எடுத்துவிடுகிறேன் என்றார் மேடம். நம்பினேன்.

பெயர்களை மறைப்பது என் வேலை. பெயருக்கொரு எண் கொடுத்து, கோப்பு முழுக்க ஒரே தட்டில் மாற்றினேன். குழுவிலிருந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரை எல்லோரும் முருகா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நபர் 14. அந்த ஒரே தட்டில் மலைமேல் இருக்கிற சாமியும் நபர் 14 ஆகிவிட்டார். நான் கவனிக்கவில்லை. முடித்த வேகத்தில் அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

அதற்குச் சில வாரம் முன்பு ஒரு நாள் அக்கா அரக்கோணத்தில் இறங்கவில்லை. சென்னையில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் இன்டர்வியூ. அவ்வளவு தூரம் போகவே கூடாது என்பது வீட்டு உத்தரவு. விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வண்டி திருவாலங்காடு தாண்டும்போது பதற்றத்தில் வழக்கம்போலக் குழுவில் ஒரு வரி போட்டார். நாத்தனார் நினைவு வந்ததும் அழித்தார். நாத்தனார் பார்க்கவில்லை. அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் பக்குவமாகச் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொகுப்பு இணையத்தில் வெளியான அன்று அதன் லிங்கைக் குழுவில் போட்டது நானேதான். நம்ம பேச்சு உலகம் பூரா போகுது என்று ராக்கெட் படம் வேறு. எல்லோரும் தங்கள் வரியைத் தேடிப் பிடித்துச் சிரித்தார்கள். மருந்துக்கடைப் பேச்சை வைத்து அக்காவின் எண்ணையும், ஸ்பேனர் பேச்சை வைத்து மெக்கானிக் அண்ணனின் எண்ணையும் கண்டுபிடிப்பது யாருக்கும் பெரிய வேலையில்லை. நாத்தனார் கண்டுபிடித்தார். பிறகு இந்த வரிக்கு வந்து சேர்ந்தார்.

"நபர் 14, உன்ன நம்பித்தான் வூட்ல சொல்லாம வந்துகினு இருக்கேன். கைவுட்டுடாத."

பக்கத்திலேயே சிவப்பில்: அழிக்கப்பட்டது.

அந்த மெக்கானிக்கோடு ஒன்றுமில்லையென்றால் ஏன் அழித்தாள் என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அக்கா இன்டர்வியூவைச் சொல்ல வேண்டியதாயிற்று. அதிலும் பாதியைத்தான் நம்பினார்கள். சென்னை வேலை இனி பேச்சிலேயே இல்லை.

மேடத்தை அழைத்து, சிவப்பு வரிகளை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அழிச்ச செய்திதாம்மா இந்த ஆய்வுக்கே உயிர். பேரைச் சுத்தம் பண்ணினது நீதானே?" என்றார், நிதானமாக.

தொகுப்பின் முகப்பைத் திறந்து பார்த்தேன். பெயர் நீக்கம் என்ற இடத்தில் என் முழுப் பெயர். ஊருக்கெல்லாம் எண், எனக்கு மட்டும் பெயர். ஆய்வுத் திட்டத்தின் முழு வடிவமும் அங்கேயே கிடந்தது. அதில் 'அழித்த செய்திகள்' என்று தனிப் பகுதி, தொடக்கத்திலிருந்தே. எனக்கு அனுப்பிய பிரதியில் அந்தப் பக்கங்கள் இல்லை.

வரியை நீக்கச் சொல்லி மெயில் மேல் மெயில் போட்டேன். நான்காம் நாள் புதிய பதிப்பு வந்தது. நபர் 14 இருந்த இடத்தில் முருகா என்று திருத்தியிருந்தார்கள். வரி அப்படியே இருந்தது. பிளாட்பாரத்தில் அக்காவிடம் போனை நீட்டி, இதையும் எடுக்க வைக்கிறேன் என்றேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"எடுத்துடாத. மொதல்லயே சாமியத்தான் கூப்ட்டேன்னு சொல்ல இப்போ எனக்கு இது ஒண்ணுதான் இருக்குது. என் நாத்தனாருக்கு அனுப்பு."

அங்கேயே நின்று அனுப்பினேன். வண்டி வந்ததும் அவர் பெண்கள் பெட்டியைப் பார்த்து நடந்தார். என்னைக் கூப்பிடவில்லை.

அந்த வரியை நீக்க வேண்டாம் என்று மேடத்துக்கு என் கையாலேயே எழுதினேன். அரக்கோணம் வருவதற்குள் பதில் வந்துவிட்டது. ஆவணம் ஏன் முக்கியம் என்பதை நான் புரிந்துகொண்டதில் அவருக்கு மிகவும் மகிழ்ச்சியாம்.